வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும்: உள்ளே இருப்பதே போதுமா, இலவசமா, காசு கொடுத்தா?

புதுக் கணினி வாங்கி ஒரு மாதம் ஆகும்போது திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும்: "உங்கள் பாதுகாப்பு இன்னும் மூன்று நாளில் முடிகிறது." கணினியோடு சேர்ந்து வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸின் வேலை அது. இப்போது பணம் கட்டுவதா, இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றைப் போடுவதா, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விண்டோஸில் ஏற்கெனவே இருப்பதை நம்புவதா? இந்த மூன்றுக்கும் நடுவில் நின்றுகொண்டு கேட்கிறவர்கள் நிறையப் பேர். கணினிக்கு வரும், போகும் தொடர்புகளைக் கவனிக்கும் ஃபயர்வாலைத் தனியாகப் போடவேண்டுமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸும் அதன் ஃபயர்வாலும் போதும், சில அமைப்புகளை மட்டும் சரிசெய்துகொண்டால். காசு கொடுத்து வாங்குவது நியாயமாகும் வீடுகளும் உண்டு. எது உங்கள் வீடு என்பதைத் தீர்மானிப்பது, அந்தக் கணினியின் முன் யார் உட்காருகிறார், அதை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதுதான். ஆய்வக மதிப்பெண்ணுக்கு அதற்கு அப்புறம்தான் இடம்.

## எதை வைத்து அளப்பது?

பிடிக்கும் திறன். இதை நாமே சோதிக்க முடியாது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், லண்டனின் எஸ்இ லேப்ஸ் ஆகிய ஆய்வகங்கள் தொடர்ந்து சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்று மூன்று பிரிவுகளுக்கும் ஆறாறு மதிப்பெண் வைத்து, மொத்தம் 18க்குப் போடுகிறது. பெயர் தெரிந்த பல மென்பொருள்கள் இன்று 17, 18 என்றுதான் வாங்குகின்றன. அந்த அரை மதிப்பெண் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அடுத்த சோதனையில் வரிசை மாறியிருக்கும்.

தவறான எச்சரிக்கை. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நல்ல கோப்பைக் கெட்டது என்று சொல்லும் ஆன்டிவைரஸ், வைரஸ் அளவுக்கே தொல்லை தரும். 2010 ஏப்ரலில் மக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் மிக அடிப்படையான ஒரு கோப்பையே வைரஸ் என்று முடக்கியதால் ஏராளமான கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிதாக எதுவும் நடக்காவிட்டாலும், அடிக்கடி பொய்யாகக் கத்தும் மென்பொருளுக்கு வேறொரு விளைவு உண்டு: ஒருநாள் உண்மையிலேயே கத்தும்போது வீட்டில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள்.

வேகம். ஒவ்வொரு கோப்பும் திறக்கும்போது ஆன்டிவைரஸ் அதை முதலில் பார்த்துவிடும். புதிய கணினியில் இது தெரியாது. பழைய ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி நினைவகமும் உள்ள கணினியில் நன்றாகவே தெரியும்.

நச்சரிப்பு. மென்பொருள் எத்தனை முறை திரையில் குதித்து எதையாவது வாங்கச் சொல்கிறது?

வருமானம் எங்கிருந்து? என்னைப் பொறுத்தவரை இதுதான் மிக முக்கியமான கேள்வி. ஆன்டிவைரஸுக்கு உங்கள் கணினியில் இல்லாத அதிகாரமே இல்லை. எல்லாக் கோப்பையும் படிக்கும், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பார்க்கும், இயங்குதளத்தின் அடிமட்டம் வரை கைவைக்கும். அப்படிப்பட்ட ஒன்றை இலவசமாகத் தருகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் உள்ளே விடக் கூடாது.

## தேர்வு 1: விண்டோஸோடு வரும் டிஃபெண்டர்

டிஃபெண்டரைப் பற்றிப் பழைய கெட்ட பெயர் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணமும் இருந்தது. விஸ்டா காலத்தில் அது உளவு மென்பொருளை மட்டும் தேடும் கருவி. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் முழு ஆன்டிவைரஸாக மாறியது, அப்போதும் ஆய்வகங்களின் பட்டியலில் கீழ்வரிசையில்தான் இருந்தது. விண்டோஸ் 10 வந்து சில ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. இன்று ஏவி-டெஸ்ட்டில் அது முன்வரிசைக்காரர்களோடுதான் நிற்கிறது. "டிஃபெண்டர் ஒன்றுக்கும் உதவாது" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டின் அனுபவத்தை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

இதன் பெரிய பலம் மைக்ரோசாஃப்ட்டுக்கு இதில் தனியாக விற்க எதுவும் அதிகம் இல்லை என்பது. புதுப்பிக்கச் சொல்லும் பெட்டி கிடையாது, காலாவதி கிடையாது. அப்டேட்டுகள் விண்டோஸோடு சேர்ந்தே வந்துவிடும். தனிப்பட்ட விவரங்கள் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போகவில்லையா என்றால், போகின்றன. சந்தேகத்துக்குரிய கோப்புகளின் மாதிரியை அது தன் சர்வருக்கு அனுப்பும். ஆனால் விண்டோஸ் பயன்படுத்துகிற நீங்கள் அந்த நிறுவனத்தை ஏற்கெனவே உள்ளே விட்டாயிற்று. இன்னொருவரைப் புதிதாக நம்பவேண்டிய தேவை வரவில்லை.

குறைகளும் உண்டு. அதன் கண்டுபிடிக்கும் திறனில் பெரும்பங்கு இணையத்தின் வழியே மைக்ரோசாஃப்ட்டின் சர்வரைக் கேட்டுத்தான் வருகிறது. இணையம் இல்லாமல் பென்டிரைவில் வரும் கோப்பைச் சோதிக்கும்போது அது தடுமாறுவதை ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. எப்போதும் ஆஃப்லைனில் இருந்து, பலர் கொண்டுவரும் பென்டிரைவ்களைச் செருகும் கணினிக்கு இது உண்மையான பலவீனம். முழு ஸ்கேன் ஓடும்போது பழைய கணினிகள் மூச்சு வாங்கும். அப்புறம், ஒன்றும் புரியவில்லை என்றால் ஃபோன் போட்டுக் கேட்க ஆள் இல்லை.

இதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் கைவைக்க வேண்டிய சில இடங்கள் இருக்கின்றன. எல்லாமே 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற செயலிக்குள்தான்.

- 'டேம்பர் புரொடெக்‌ஷன்' இயங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே நுழைந்த கெட்ட நிரல் முதலில் செய்ய முயல்வது ஆன்டிவைரஸை அணைப்பதுதான். அதைத் தடுக்கும் பூட்டு இது.
- 'ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன்' என்ற பகுதியில் இருக்கும் எல்லாவற்றையும் இயக்குங்கள். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், விளம்பரக் குப்பை எல்லாவற்றையும் தடுப்பது இதுதான்.
- 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்' தானாக இயங்காது, நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கினால் ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளில் முன்பின் தெரியாத நிரல் எதுவும் கைவைக்க முடியாது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிராக இது நல்ல தடுப்பு. ஒரே சங்கடம், நீங்கள் நம்பும் சில நிரல்களையும் அது தடுக்கும். முதல் வாரத்தில் அவற்றை ஒவ்வொன்றாக அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். பொறுமை இருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

## தேர்வு 2: இலவச ஆன்டிவைரஸ்

அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பு என்று தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. பிடிக்கும் திறனில் குறைசொல்ல ஒன்றுமில்லை. கட்டணப் பதிப்பில் இருக்கும் அதே எந்திரம்தான் பெரும்பாலும் இவற்றிலும் ஓடுகிறது. மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

அவாஸ்ட் விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தன் பயனாளர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரங்களைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனத்தின் மூலம் மற்ற நிறுவனங்களுக்கு அது விற்றுவந்தது. 2020 ஜனவரியில் செய்தி வெளியானதும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னதோடு, இனி விளம்பரத்துக்காக அப்படிப்பட்ட விவரங்களை விற்கக் கூடாது என்றும் தடை போட்டது. உங்களை யாரும் பின்தொடராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி உள்ளே வந்த மென்பொருளே பின்தொடர்ந்தது என்பதுதான் அந்த வழக்கின் சாரம். அந்த வியாபாரம் நின்றுவிட்டது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் எந்த இலவச ஆன்டிவைரஸைப் போட்டாலும் அமைப்புகளுக்குள் போய், விவரங்களைப் பகிர்வது பற்றிய பகுதியில் அனுமதிகளை எல்லாம் நீக்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏவிஜியை அவாஸ்ட் 2016இல் வாங்கியது. அவிராவை நார்ட்டன் நிறுவனம் வாங்கியது. 2022இல் நார்ட்டனும் அவாஸ்ட்டும் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆயின. ஆகவே நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒன்று பிடிக்கவில்லை என்று இன்னொன்றுக்கு மாறுகிறவர் அதே கடைக்குத்தான் திரும்ப வருகிறார்.

அடுத்த செலவு நச்சரிப்பு. "உங்கள் கணினியில் 14 பிரச்சினைகள் இருக்கின்றன" என்று சிவப்பில் ஒரு பெட்டி வரும். அதை அழுத்தினால், டிரைவர் அப்டேட்டர், குப்பை நீக்கி, இணையப் போக்குவரத்தை மறைக்கும் விபிஎன் என்று ஒவ்வொன்றாகக் காசு கேட்கும். அந்தப் பிரச்சினைகளில் பாதி தற்காலிகக் கோப்புகளாக இருக்கும். கணினி பழகாத ஒருவர் இதைப் பார்த்து நிஜமாகவே பயந்துவிடுவார். இப்படிப் பயமுறுத்தும் பெட்டிகளுக்குப் பழகிய கண், மோசடிக்காரர்கள் காட்டும் போலி எச்சரிக்கைப் பெட்டியையும் நம்பும். இலவசத்தின் விலைகளில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இலவசம் நல்ல தேர்வாவது எப்போது? டிஃபெண்டர் உங்கள் பழைய கணினியை மிக மெதுவாக்கி, வேறொன்று லேசாக ஓடுகிறது என்று நீங்களே போட்டுப் பார்த்து உறுதிசெய்தால் அது போதுமான காரணம். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அப்படியே போடுவதென்றாலும் கூடுதல் சரக்கு குறைவாக வருவதைப் பாருங்கள். அந்த வகையில் பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பு மற்றவற்றைவிட அமைதியானது.

## தேர்வு 3: கட்டணப் பதிப்பு

கட்டணம் கொடுப்பதால் வைரஸைப் பிடிக்கும் திறன் இருமடங்காகிவிடாது. நீங்கள் வாங்குவது அதைச் சுற்றியிருக்கும் வசதிகளை. போலி வங்கித் தளங்களை எந்த பிரவுசரில் திறந்தாலும் தடுக்கும் வடிகட்டி, குழந்தைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்தும் கருவி, ஒரே சந்தாவில் ஐந்து கணினிகளும் ஃபோன்களும், வேறு ஊரில் இருக்கும் பெற்றோரின் கணினியில் ஸ்கேன் நடந்ததா என்று உங்கள் வீட்டிலிருந்தே பார்க்கும் பக்கம், பிரச்சினை வந்தால் பேச ஓர் ஆள். இவற்றில் எத்தனை உங்களுக்கு உண்மையாகப் பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு கூட இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

மறைமுகச் செலவுகளில் முதலாவது புதுப்பிப்புக் கட்டணம். பெட்டியின் மேல் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் முதல் ஆண்டுக்கான தள்ளுபடி விலை. இரண்டாம் ஆண்டு முழு விலை, அதுவும் தானாகவே அட்டையிலிருந்து போய்விடும். வாங்கும் அன்றே உங்கள் கணக்குக்குள் போய் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். ஆண்டு முடியும்போது பிடித்திருந்தால் அன்றைய தள்ளுபடி விலையில் திரும்ப வாங்கலாம். ஒப்பிடும்போதும் முதலாண்டு விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பார்த்தால் பல 'மலிவு' மென்பொருள்களின் முகம் மாறிவிடும்.

இரண்டாவது, மூட்டையில் சேர்த்துக் கட்டிய பொருள்கள். கடவுச்சொல் மேலாளர், விபிஎன், குப்பை நீக்கி எல்லாம் சேர்த்து ஒரு விலை சொல்வார்கள். அடிப்படைப் பதிப்பில் வரும் விபிஎன்னுக்குச் சில நிறுவனங்கள் நாளொன்றுக்கு 200 எம்பி என்று அளவு வைத்திருக்கின்றன. ஒரு வீடியோ பார்த்தால் தீர்ந்துவிடும். 2021இல் நார்ட்டன் 360க்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதியைக் கூடச் சேர்த்தார்கள். பயனர் தானே இயக்கினால்தான் ஓடியது என்றாலும், கிடைத்ததில் 15 சதவீதம் நிறுவனத்துக்குப் போனது. ஆன்டிவைரஸ் வாங்கியவர் அதையா கேட்டார்?

மூன்றாவது, சில மென்பொருள்கள் பூட்டுச் சின்னம் போட்ட பாதுகாப்பான தளங்களின் போக்குவரத்தையும் பிரித்துப் பார்ப்பதற்காக, தங்கள் சொந்தச் சான்றிதழைக் கணினியில் நிறுவும். நோக்கம் நல்லதுதான். ஆனால் பிரவுசர் கவனமாகக் கட்டிய பாதுகாப்புக்கு நடுவில் இன்னொருவர் வந்து உட்காருகிறார். வங்கித் தளத்தில் சான்றிதழ்க் கோளாறு என்று திடீரென வந்தால் முதலில் இந்த வசதியைச் சந்தேகப்படுங்கள். அணைத்துவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

நிறுவனம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதும் சில நேரம் குறுக்கே வரும். திறமையில் எப்போதும் முன்வரிசையில் இருந்த காஸ்பர்ஸ்கைக்கு 2024 ஜூனில் அமெரிக்கா தடை விதித்தது. செப்டம்பர் 29க்குப் பிறகு அங்கே அப்டேட்டே கொடுக்க முடியவில்லை. அங்கிருந்த பலரின் கணினியில் காஸ்பர்ஸ்கை போய், அவர்கள் கேள்விப்பட்டிராத அல்ட்ராஏவி என்ற மென்பொருள் தானாக வந்து உட்கார்ந்தது. பணம் கட்டியவருக்கும் இது நடந்தது. இரண்டு மூன்று ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

## இரண்டு ஆன்டிவைரஸ்களைச் சேர்த்துப் போடலாமா?

வேண்டாம். நிகழ்நேரத்தில் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால், ஒரு கோப்பைத் திறந்தவுடன் இரண்டும் அதைப் பிடிக்கப் பாயும். ஒன்று தனியே எடுத்துவைத்த கோப்பை இன்னொன்று வைரஸ் என்று அறிவிக்கும். கணினி நகராது. வேறொன்றைப் போட்டவுடன் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்வதும் இதனால்தான்.

அவ்வப்போது இன்னொருவரின் கருத்து வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பை வைத்துக்கொள்ளலாம். சோதனைக்காலம் முடிந்ததும் நீங்கள் சொன்னால் மட்டும் ஸ்கேன் செய்யும், மற்ற நேரம் சும்மா இருக்கும். ஒரே ஒரு கோப்பின் மேல் சந்தேகம் என்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பல ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் கேட்கலாம். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றியதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் தரவிறக்க முடியும்.

## ஃபயர்வால்: உள்ளதே போதுமா?

ஆன்டிவைரஸ் கோப்புகளையும் நிரல்களின் நடத்தையையும் கவனிக்கிறது. ஃபயர்வால் தொடர்புகளைக் கவனிக்கிறது: வெளியிலிருந்து யார் உள்ளே வரப் பார்க்கிறார், உள்ளிருந்து எது வெளியே பேசுகிறது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியபோது யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. இணையத்தில் இணைந்திருந்தாலே போதும், கணினி 60 விநாடி எண்ணிவிட்டுத் தானே அணையும். எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் அணைந்த நிலையில். மறு ஆண்டு சாஸர் புழுவும் அதே மாதிரி பரவியது. 2004 ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட்டில்தான் மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாகவே இயங்கும்படி செய்தது. அன்றுமுதல் எல்லா விண்டோஸிலும் அது விழித்தே இருக்கிறது.

ரவுட்டர். வீட்டில் ரவுட்டர் இருந்தால் முதல் சுவர் அதுதான். நீங்கள் கேட்காத தொடர்பு எதுவும் பொதுவாக அதைத் தாண்டி உள்ளே வராது. அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள், நிரல்கள் தாமாகவே வாசல் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி தேவைப்படாவிட்டால் அதையும் அணையுங்கள். ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி கொண்ட இணைப்பு இருந்தால் ரவுட்டரில் அதற்கான ஃபயர்வால் இயங்குகிறதா என்று தனியாகப் பாருங்கள். பழைய வகை முகவரியில் ரவுட்டர் தன் ஒரே முகவரிக்குப் பின்னால் வீட்டுக் கணினிகளை மறைத்துவைக்கும், அந்த மறைப்பு இங்கே கிடையாது.

விண்டோஸ் ஃபயர்வால். உள்ளே வரும் தொடர்புகளை இயல்பாகத் தடுக்கும், வெளியே போகும் தொடர்புகளை இயல்பாக அனுமதிக்கும். பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. புதிய நிரல் ஒன்றைத் திறக்கும்போது, "இதை அனுமதிக்கலாமா?" என்று ஃபயர்வால் ஒரு பெட்டியைக் காட்டுமல்லவா, அது கேட்பது வெளியிலிருந்து அந்த நிரலுக்கு வரும் தொடர்புகளைப் பற்றி மட்டும். 'கேன்சல்' அழுத்திவிட்டதால் அந்த நிரல் இணையத்தோடு பேசாது என்று நினைக்காதீர்கள். அது தாராளமாக வெளியே பேசும். ஆகவே சந்தேகம் இருந்தால் கேன்சல் அழுத்துவதுதான் நல்லது. பெரும்பாலான நிரல்கள் அப்படியும் ஒழுங்காக வேலை செய்யும்.

மடிக்கணினியை வெளியே எடுத்துப்போகிறவர்கள் புதிய வைஃபையில் இணையும்போது 'பப்ளிக்' என்பதையே தேர்ந்தெடுங்கள். வீட்டில் பிரின்டரையோ கோப்புகளையோ பகிர்கிறீர்கள் என்றால் மட்டும் 'பிரைவேட்'.

தனி ஃபயர்வால். டைனிவால், சிம்பிள்வால், கிளாஸ்வயர் போன்றவை தருவது வெளியே போகும் தொடர்புகளின் மீதான கட்டுப்பாடு. எந்த நிரல் எங்கே பேசுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இவை உண்மையிலேயே பயனுள்ளவை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தெரிய வேண்டும். விண்டோஸின் பல சேவைகள் எஸ்விசிஹோஸ்ட் என்ற ஒரே பெயரில்தான் வெளியே பேசும். அனுமதித்தால் எல்லாவற்றையும் அனுமதித்த மாதிரி, தடுத்தால் விண்டோஸ் அப்டேட்டே நின்றுபோகலாம். நான் பார்த்த வீடுகளில் நடப்பது என்னவென்றால், முதல் நாள் பெட்டிகளைப் படிப்பார்கள், மூன்றாம் நாளிலிருந்து வந்தவுடன் 'அலோ' அழுத்துவார்கள். அப்படி அழுத்தப்போகிறவருக்கு இதனால் வேலை கூடுமே தவிர, பாதுகாப்பு கூடாது. ஆர்வம் இருந்தால் கேள்வி கேட்டுத் தொல்லை செய்யாத டைனிவாலிலிருந்து தொடங்குங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: கெட்ட நிரல்களைத் தடுக்கும் எக்ஸ்புரொடெக்ட், கேட்கீப்பர் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஃபயர்வால் அணைந்திருந்தால் அமைப்புகளில் போய் இயக்குங்கள். வெளியே போவதைப் பார்க்க லூலு என்ற இலவசக் கருவி உண்டு. உபுண்டுவிலும் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கூடவே வரும், ஆனால் நீங்கள்தான் இயக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | டிஃபெண்டர் | இலவசம் | கட்டணம் |
|---|---|---|---|
| பிடிக்கும் திறன் | நன்று, இணையம் இல்லாதபோது குறைவு | நன்று | நன்று |
| பழைய கணினியில் வேகம் | முழு ஸ்கேனில் சுமை | மென்பொருளைப் பொறுத்தது | மென்பொருளைப் பொறுத்தது |
| நச்சரிப்பு | மிகக் குறைவு | அதிகம் | புதுப்பிக்கும் நேரத்தில் அதிகம் |
| மறைமுகச் செலவு | அமைப்புகளைச் சரிசெய்யும் நேரம் | தனிப்பட்ட விவரங்கள், பயமுறுத்தல் | இரண்டாம் ஆண்டு விலை, தேவையற்ற மூட்டை |
| பேச ஆள் | இல்லை | பெரும்பாலும் இல்லை | உண்டு |
| பல கருவிகளை ஓரிடத்திலிருந்து பார்ப்பது | வீட்டுக்குப் போதாது | அரிது | உண்டு |

## யாருக்கு எது?

விண்டோஸ் அப்டேட் ஒழுங்காகப் போட்டு, மென்பொருளை உரிய தளத்திலிருந்து மட்டும் எடுக்கும் ஒருவரோ இருவரோ பயன்படுத்தும் கணினிக்கு டிஃபெண்டர், விண்டோஸ் ஃபயர்வால், சரிசெய்த ரவுட்டர். இதற்கு மேல் செலவழிக்க நினைக்கும் பணத்தில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி பேக்கப் எடுங்கள்.

வயதான பெற்றோர் தனியாகப் பயன்படுத்தும் கணினி என்றால், கட்டணப் பதிப்பை யோசிக்கலாம். தொலைவிலிருந்து பார்க்கும் வசதியும் போலித் தள வடிகட்டியும் அங்கே பயன்படும். அதோடு அவர்களுக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத சாதாரணப் பயனர் கணக்கைப் போட்டுக்கொடுங்கள். அது எந்த ஆன்டிவைரஸுக்கும் குறையாத தடுப்பு.

பிள்ளைகள் விளையாட்டுகளையும் அதற்கான 'கிராக்', 'மோட்' கோப்புகளையும் தேடி இறக்கும் வீடு என்றால், எந்த மென்பொருளும் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள் என்றுதான் அந்தக் கோப்பின் குறிப்பே சொல்லும். அவர்களும் அணைப்பார்கள். அங்கே தேவை தனிப் பயனர் கணக்கும், வங்கி வேலைக்கு வேறொரு கணினியும்.

விண்டோஸ் 10இலேயே இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, அதை வைத்துப் பாதுகாப்பு இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. அப்டேட்டே வராத இயங்குதளத்தில் விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். ஒரு ஆண்டுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேருங்கள், இல்லையென்றால் விண்டோஸ் 11க்கோ லினக்ஸுக்கோ மாறுங்கள்.

## இவை எதுவுமே தடுக்காத ஒன்று

இப்போது அடிக்கடி நடக்கும் ஒரு மோசடியைப் பாருங்கள். ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள்" என்று வரும். டிக் செய்தவுடன் மூன்று படிகள் சொல்லும்: விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலும் வியும், பிறகு என்டர். நீங்கள் டிக் செய்த நொடியிலேயே அந்தத் தளம் ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்துவிட்டது. அடுத்த மூன்று அழுத்தலில் அந்தக் கட்டளையை உங்கள் கையாலேயே ஓட்டுகிறீர்கள். அது இணையத்திலிருந்து ஒரு திருட்டு நிரலை இழுத்து, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் குக்கிகளையும் எடுத்துப் போய்விடும். வெளியே போகும் தொடர்பு என்பதால் ஃபயர்வால் பேசாமல் இருக்கும். ஆன்டிவைரஸ் பிடிக்கலாம், புதிய நிரல் என்றால் பிடிக்காமலும் போகலாம். உள்நுழைந்த நிலையில் இருக்கும் குக்கியே கையில் கிடைத்துவிட்டால் ஓடிபி கூடத் தேவைப்படாது. எந்த நேர்மையான தளமும் விண்டோஸ் பொத்தானை அழுத்தச் சொல்லாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

## மாறும்போது செய்ய வேண்டியது

பழைய ஆன்டிவைரஸை நீக்காமல் புதியதைப் போடாதீர்கள். முதலில் புதியதன் நிறுவல் கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி வையுங்கள். பழையதை விண்டோஸ் அமைப்புகளில் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியையும் ஒருமுறை ஓட்டுங்கள். சாதாரணமாக நீக்கும்போது பின்னால் தங்கிவிடும் துண்டுகள்தான் பல மர்மமான மந்தத்துக்குக் காரணம். திரும்ப ரீஸ்டார்ட் செய்தபின் புதியதைப் போடுங்கள். டிஃபெண்டருக்குத் திரும்புகிறீர்கள் என்றால் எதுவும் போட வேண்டாம், அது தானே எழுந்துகொள்ளும்.

கடைசியாக 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, காவல் பொறுப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து அதன் சோதனைக் கோப்பை இறக்கிப் பாருங்கள். வெறும் 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத கோப்பு அது. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் மாதிரியே நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. இறக்கியவுடன் தடுத்துவிட்டால் உங்கள் காவல் விழித்திருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லாமல் கோப்பு வந்து உட்கார்ந்துவிட்டால், நிகழ்நேரப் பாதுகாப்பு அணைந்திருக்கிறது என்று பொருள். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள்.